ஒரு கண்மாய், ஓர் ஆய்வேடு: செட்டிநாட்டில் இயற்கை வள மேலாண்மை படிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இயற்கை வள மேலாண்மை, சுற்றுச்சூழல் கொள்கை, ஊரக வளர்ச்சி என்று பட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், முதுகலையின் கடைசியில் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். செட்டிநாட்டுப் பிள்ளைகள் பலர் சொந்த ஊர்க் கண்மாயையோ (பாசன ஏரி) ஊரணியையோ (ஊர்க்குளம்) எடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். தண்ணீர், மண், மரம், மீன், மேய்ச்சல் எல்லாம் ஒரே கரைக்குள் இருக்கின்றன. அவற்றை ஆளும் துறைகளும் அங்கேயே வந்து முட்டிக்கொள்கின்றன.

ஆனாலும் பலர் நடுவழியில் திணறுகிறார்கள். படிப்பு போதாமல் வரும் திணறல் இல்லை அது. வேலையை வரிசை மாற்றிச் செய்வதால் வருவது. முதலில் கேள்வித்தாள் அடிக்கிறார்கள், பிறகு ஊருக்குப் போகிறார்கள், கடைசியில்தான் அந்தக் கண்மாய் எந்தத் துறையிடம் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. முதலில் நாள்காட்டி

பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு நான்காம் பருவத்தில், அதாவது ஜனவரியில் தொடங்குகிறது. நம் கண்மாய்களுக்குத் தண்ணீர் தருவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் போய் நின்றால் நீர் வந்த வழியைப் பார்க்க முடியாது. மார்ச், ஏப்ரலில் போனால் மடை (பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வாய்) திறந்ததையும் பார்க்க முடியாது. பிறகு எல்லாவற்றையும் பிறர் சொல்லிக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும்.

அதனால் இரண்டாம் பருவத் தேர்வு முடிந்த கோடையிலேயே தொடங்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த கண்மாயில் நடக்கலாம். செப்டம்பரில் பதிவேடுகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீர்வரத்து. ஜனவரி, பிப்ரவரியில் மடைப் பங்கீடும் அறுவடையும். கோடையில் மீன்பிடியும் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலக் கணக்கும். நெறியாளர் இன்னும் ஒதுக்கப்படவில்லை என்று காத்திருக்க வேண்டாம். கோடை வேலைக்கு அவருடைய கையெழுத்து தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் மே, ஜூன் நாட்களில் கிராமக் கணக்குகள் தாலுகா அலுவலகத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனால் அவருக்கும் தொல்லை, உங்களுக்கும் அலைச்சல்.

2. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

துறைத் தலைவர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம், தமிழில், பல நகல்கள். ஆங்கிலக் கடிதத்தை ஊராட்சி அலுவலகத்தில் வாங்கி மடித்து வைத்துவிடுவார்கள். கடிதத்தில் ‘ஆய்வு’ என்று மட்டும் எழுதினால் அரசு ஆய்வு என்று நினைத்துப் பயப்படுவார்கள். ‘மாணவர் படிப்புக்கான ஆய்வு’ என்று தெளிவாக இருக்கட்டும்.

அளவு நாடா (30 மீட்டர்), இடம் குறிக்கும் செயலி உள்ள கைபேசி, கட்டங்கள் போட்ட நோட்டு. அப்புறம் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப். இதன் அருமை ஆறாம் படியில் தெரியும்.

3. கண்மாயைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய கண்மாய் என்றால் பெரிய ஆய்வு என்று நினைக்காதீர்கள். பல ஊர் ஆயக்கட்டு (கண்மாய் நீரில் பாயும் வயல்பரப்பு) உள்ள கண்மாயைத் தனியாக ஒருவர் முடிக்க முடியாது. ஒரு கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்), இரண்டு மூன்று மடை, ஒரு பொழுதில் கரையைச் சுற்றி வர முடிகிற அளவு, இது போதும்.

ஆனால் தனிக் கண்மாயாக அதைப் பார்க்கக் கூடாது. சிவகங்கைச் சீமையில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக இருக்கின்றன. மேல்கண்மாய் கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டையும் குறைந்தபட்சம் போய்ப் பார்த்து வாருங்கள். உங்கள் கண்மாய் நிரம்பாததற்கான காரணம் பெரும்பாலும் அதன் கரைக்கு வெளியேதான் கிடைக்கும்.

செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் கிடக்கிறது. வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) திருமயம் பக்கம் தொடங்கிக் காரைக்குடி பக்கம் முடிந்தால் இரண்டு வட்டாட்சியர், இரண்டு ஆட்சியர். பழைய ஆவணங்களும் வேறு வேறு. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், சிவகங்கை ஜமீன். அப்படி எல்லை தாண்டும் கண்மாயை எடுப்பதென்றால் அதற்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள்.

ஊரணியை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. செட்டிநாட்டு நகரங்களில் வீட்டு முற்றத்து மழைநீரும் தெருநீரும் வடிகால் வழியே ஊரணிக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். எனவே அங்கே நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது தெருக்கள்தான். சிமென்ட் சாலை எந்த ஆண்டு உயர்த்தப்பட்டது, வடிகால் எங்கே சாக்கடையோடு சேர்ந்தது என்பதைத் தெருத்தெருவாகப் பார்க்க வேண்டும். ஊரணிக் கரையில் மட்டும் நின்று படம் எடுத்தால் ஆய்வு முடியாது.

4. இது யார் கண்மாய்?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். இதற்கு விடை தெரியாமல் எழுதும் கொள்கை அத்தியாயம் முழுதும் வீண்.

பொதுவான கோடு இது: ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறை முன்பு பொதுப்பணித்துறையின் பிரிவாக இருந்து 2021-இல் தனித்துறையானது. அதனால் பழைய தாள்களில் பொதுப்பணித்துறை என்றே இருக்கும், குழம்ப வேண்டாம். ஊரணி என்றால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, கோயில், நகரத்தார் அறக்கட்டளை என எதுவாகவும் இருக்கலாம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானதால் எல்லையோர ஊர்களில் பொறுப்பு யாரிடம் என்பதைப் புதிதாகக் கேட்டு எழுதுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? சட்டம் அதைப் பொறுத்து மாறுகிறது. தமிழ்நாடு குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டில் இருந்த கண்மாய்களுக்குத்தான் பொருந்தும். ஒன்றியக் கண்மாயில் ஆக்கிரமிப்பு என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்துக்கும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்துக்கும் போக வேண்டும். ஒன்றியக் கண்மாயை எடுத்துக்கொண்டு 2007 சட்டத்தைப் பக்கம் பக்கமாக விவரிக்கும் ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். சட்டம் தெரிந்த தேர்வாளர் ஒருவர் இருந்தால் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

கண்மாயின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இந்தக் கேள்வியைப் போட்டு ஓர் அட்டவணை செய்யுங்கள். தண்ணீரை விடுவது யார்? கரையைச் செப்பனிடுவது யார்? மீனை ஏலம் விடுவது யார்? உள்வாயில் (கண்மாயின் நீர் நிற்கும் உட்பகுதியில்) நிற்கும் கருவேலம் யாருடையது, சமூகக் காடு திட்டத்தில் வனத்துறை நட்டதா? வண்டல் எடுக்க அனுமதி தருவது யார்? ஒவ்வொன்றுக்கும் ‘தாளில் யார்’, ‘நடப்பில் யார்’ என்று இரண்டு கட்டம். இந்த இரண்டு கட்டமும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

5. பதிவேடுகள்

மக்களிடம் பேசும் முன் பதிவேடுகளைப் படிக்க வேண்டும். படித்துவிட்டுப் போனால், ‘இந்தப் புல எண்ணில் வாய்க்கால் என்று இருக்கே, இப்போ எங்கே?’ என்று கேட்க முடியும். படிக்காமல் போனால் ‘கண்மாய் எப்படி இருக்கு?’ என்றுதான் கேட்க முடியும். பதிலும் அதே தரத்தில்தான் வரும்.

வாங்க வேண்டியவை: கிராம வரைபடம், கண்மாயும் வரத்துக்காலும் உள்ள புல எண்களின் (சர்வே எண்) அ-பதிவேடு (நிலத்தின் வகை, பரப்பு, உரிமை காட்டும் கணக்கு), அவற்றின் புலப்படம் (அளவு வரைபடம்), சில ஆண்டுகளின் அடங்கல். அ-பதிவேடும் புலப்படமும் அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் கிடைக்கும். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். அதில் எந்தப் புலத்தில் என்ன பயிர், எந்த நீராதாரத்தில் பாசனம் என்று இருக்கும். ஆயக்கட்டு எந்த ஆண்டிலிருந்து போர்வெல்லுக்கு மாறியது என்று அதிலிருந்து பிடிக்கலாம்.

மூன்று இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள்.

ஒன்று, பசலி. வருவாய்க் கணக்குகள் ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டில் இருக்கும். ஜூலை வரும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. இதைத் தவறவிட்டால் மழை ஆண்டும் பயிர் ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது.

இரண்டு, பரப்பு. பதிவேடு ஹெக்டேர், ஏரில் இருக்கும். ஊரார் ஏக்கர், சென்ட்டில் சொல்வார்கள். ஒரு ஹெக்டேர் 100 ஏர், சுமார் 2.47 ஏக்கர். ஆய்வேடு முழுக்க ஒரே அலகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, வரத்துக்கால். எல்லா வரத்துக்காலும் புறம்போக்காக இருக்காது. சில இடங்களில் அது பட்டா நிலத்தின் நடுவே, பழக்கத்தின் பலத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலம் மனைப்பிரிவாக விற்கப்பட்டால் வாய்க்கால் காணாமல் போகும். தாளில் எந்த ஆக்கிரமிப்பும் நடந்திருக்காது. புலப்படத்தையும் நேரில் பார்த்ததையும் ஒப்பிட்டால்தான் இது தெரியும். நகர விளிம்புக் கண்மாய்கள் பலவற்றின் கதை இதற்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் ‘மெமோயர்’ இருக்கிறதா என்று கேளுங்கள். முழு நீர்மட்டம், மடைகளின் தளமட்டம், கலுங்கின் நீளம், ஆயக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். முன்னாள் ஜமீன் கண்மாய்களுக்கு அது இல்லாமலும் போகலாம். இல்லை என்று எழுத்தில் பதில் கிடைத்தால் அதுவும் ஒரு தரவு.

கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ‘கண்மாய் பற்றிய முழு விவரம் தருக’ என்று கேட்டால் ஒன்றும் வராது. கண்மாயின் பெயர், கிராமம், புல எண் குறிப்பிட்டு, எந்த ஆண்டுகளின் எந்தப் பதிவேடு என்று கேளுங்கள். ஆவணத்தை நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. பார்வையிடக் கேட்பதே நல்லது, ஏனென்றால் என்ன கேட்க வேண்டும் என்பதே பாதி நேரம் கோப்பைப் பார்த்த பிறகுதான் புரியும். மேல்முறையீட்டுக்கும் நேரம் விட்டு, செப்டம்பரிலேயே மனுவை அனுப்பிவிடுங்கள்.

6. காய்ந்த கண்மாயில் நடப்பது

தண்ணீர் இல்லாதபோதுதான் கண்மாயின் உடம்பு தெரியும். மடை, குமிழி (கண்மாய்க்குள் இருக்கும் மடையமைப்பு), கலுங்கு, உள்வாயில் உழுத தடம், மண் எடுத்த குழி எல்லாவற்றையும் குறித்து ஒரு கை வரைபடம் போடுங்கள். அப்புறம் வரத்துக்காலைப் பிடித்து மேலே ஏறுங்கள். கண்மாயிலிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். மேலிருந்து இறங்கினால் கிளை பிரியும் இடங்களில் தப்பான வாய்க்காலில் இறங்கிவிடுவீர்கள். குறிப்பிட்ட இடைவெளியில் அகலமும் ஆழமும் அளந்து எழுதுங்கள். சாலைப் பாலங்களின் அடியில் கட்டாயம் அளக்க வேண்டும். வாய்க்காலின் தொண்டை அங்கேதான் இறுகுகிறது.

நம் பக்கம் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுநிலமே நீர்ப்பிடிப்பு. அதில் தைலமரக் காடு இருந்தால் அதற்குள்ளும் போங்கள். மரங்களுக்கு நீர் நிற்கப் போட்ட வரப்பும் குழியும் வரத்தை மறிக்கின்றன என்பது இப்பகுதி விவசாயிகளின் நெடுநாள் குறை. அதைக் கேட்டு எழுதுவதோடு விடாமல் வரப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு உயரம் என்று நீங்களே அளந்து எழுதினால் அந்தப் பத்திக்கு மதிப்பு வரும்.

இப்போது தண்ணீர் டியூப். கைபேசி காட்டும் உயரம் பல மீட்டர் பிசகும். அதை வைத்து மட்டம் எழுதக் கூடாது. டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, கலுங்கின் தலைமட்டத்தையும் மடையின் தளமட்டத்தையும் ஒப்பிடுங்கள். தூரம் அதிகமானால் நடுவில் முளை அடித்துக் கட்டம் கட்டமாகப் போகலாம். கலுங்கின் மேல் யாராவது கல்லோ மணல் மூட்டையோ அடுக்கியிருந்தால் அதன் உயரத்தைத் தனியாக எழுதுங்கள். அது மேல்வயல்காரருக்கு வெள்ளம், மீன் குத்தகைதாரருக்கு லாபம், கீழ்க்கண்மாய்க்காரருக்கு நஷ்டம்.

7. செயற்கைக்கோள் படம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், லேண்ட்சாட்டில் 30 மீட்டர். ஐந்து ஹெக்டேர் கண்மாய் முன்னதில் சுமார் 500 புள்ளி, பின்னதில் 55 புள்ளிதான். சிறிய கண்மாய்க்கு லேண்ட்சாட்டில் நீர்ப்பரப்பு கணக்கிட்டுத் தசம இலக்கம் வரை எழுதுவது பொருளற்றது. பருவமழை மாதங்களில் மேகம் மறைக்கும். அப்போது ரேடார் படமான சென்டினல்-1 உதவும். சீமைக்கருவேலம் அடர்ந்த உள்வாயில் தண்ணீர் இருந்தாலும் படம் மரத்தைத்தான் காட்டும். அதனால் நேரில் பார்த்த தேதிகளோடு சரிபார்க்காமல் எந்த எண்ணையும் போடாதீர்கள்.

8. ஆட்களிடம் பேசுவது

ஊராட்சித் தலைவரையும் ஊர்ப் பெரியவரான அம்பலகாரரையும் முதலில் பார்ப்பது மரியாதை. அவர்களோடு நிறுத்திக்கொள்வது தவறு. தலைமடைக்காரர் (மடைக்கு அருகில் வயல் உள்ளவர்), கடைமடைக்காரர் (வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர்), நீர்பாய்ச்சி (வயல்களுக்கு நீர் விடுபவர்), மீன் குத்தகைதாரர், ஆடு மாடு மேய்ப்பவர், கருவேல விறகு வெட்டும் பெண்கள், கரிமூட்டம் போடுபவர், வேலைத் திட்டத்தில் வாய்க்கால் வெட்டியவர்கள், இவர்கள் ஒவ்வொருவருக்கும் கண்மாய் வேறு வேறு. கடைமடைக்காரரைத் தலைமடைக்காரர் பக்கத்தில் வைத்துக் கேட்காதீர்கள். வாய் திறக்க மாட்டார்.

அச்சடித்த கேள்வித்தாளை நீட்டியதும் பேச்சு நின்றுபோகும். போன மழைக்கு என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

‘அண்ணே, இந்த வருசம் மடை எப்ப தொறந்தாக?’

‘தை பொறந்து தொறந்தாக தம்பி. ஆனா எங்க வயலுக்கு வந்து சேரல.’

இந்த ஒரு பதிலிலிருந்து, திறக்க முடிவு செய்தது யார், எந்தக் கூட்டத்தில், முறை வைத்தார்களா, நீர்பாய்ச்சிக்கு நெல்லாகக் கொடுத்தார்களா பணமாகவா, என்று நாலு கேள்வி கிளைக்கும். நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இருக்கிறதா, இருந்தால் முடிவு சங்கத்தில் எடுத்ததா ஊர்க்கூட்டத்தில் எடுத்ததா என்றும் கேளுங்கள்.

‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். ‘உள்வாயில் பயிர் வைக்கிறாகளா?’ என்று கேட்டால் இயல்பாகப் பதில் வரும். பயிர் வைப்பவர்களில் நிலமற்றவரும் உண்டு, செல்வாக்கானவரும் உண்டு. இருவரையும் ஒரே சொல்லில் அடைப்பது நியாயமில்லை. யாருடைய பெயரையும் புல எண்ணோடு சேர்த்து ஆய்வேட்டில் அச்சிடக் கூடாது. உங்கள் அட்டவணை நாளைக்கு ஒரு வழக்கில் சாட்சியாகலாம், உங்களை நம்பிப் பேசியவர் மாட்டிக்கொள்வார்.

9. பணத்தைப் பின்தொடருங்கள்

மாணவர்கள் அதிகம் விட்டுவிடும் இடம் இது. மீன்பாசி ஏலம், மர ஏலம், பனை, புளி மகசூல், ஊர் வரி, குடிமராமத்து (பயனாளிகளின் பங்கோடு கண்மாயைச் செப்பனிடும் திட்டம்) ஒதுக்கீடு என்று கண்மாய்க்குள் பணம் வரும் வழிகளையும் போகும் வழிகளையும் எழுதுங்கள். மீன்பாசிப் பணம் கோயில் திருவிழாவுக்குப் போகிறதா, அலுவலகக் கணக்குக்கா, மடைக்கதவுக்கா? கண்மாயிலிருந்து வரும் வருமானம் கண்மாய்க்கே திரும்புகிறதா என்பது மேலாண்மையின் அடிப்படைக் கேள்வி.

இன்னொன்றையும் பாருங்கள். மீன் குத்தகைதாரருக்குத் தண்ணீர் நீண்ட நாள் நிற்க வேண்டும். கடைமடை விவசாயிக்கு அது இன்றே வேண்டும். ஏலத்தின் நிபந்தனைகளில் குறைந்தபட்ச நீர்மட்டம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று ஏல அறிவிப்பை வாங்கிப் படியுங்கள்.

10. இப்போது கேள்வியை எழுதுங்கள்

‘செட்டிநாட்டில் நீர் மேலாண்மை, ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு இல்லை. நான்காம் படியின் அட்டவணையை எடுங்கள். தாளும் நடப்பும் மிக அதிகமாக விலகும் ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். ‘மடை திறக்கும் முடிவு சங்கத்திடமிருந்து குத்தகைதாரரிடம் எப்படிப் போனது?’ ‘பட்டா நிலத்தில் ஓடிய வரத்துக்கால் மனைப்பிரிவு அனுமதியின்போது எந்த மேசையில் விடுபட்டது?’ இப்படி ஒரு கேள்வி போதும்.

கோட்பாடு இங்கேதான் உள்ளே வர வேண்டும். பொதுவளங்களை மக்கள் தாங்களே ஆளும் விதம் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ராமின் எட்டு வடிவமைப்புக் கோட்பாடுகளை எல்லாரும் எடுக்கிறார்கள். எட்டுக்கும் ‘உண்டு, இல்லை’ என்று குறியிட்டு முடித்துவிடுகிறார்கள். உங்கள் கேள்விக்கு உதவும் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து ஆழமாகப் போங்கள். எல்லை வரையறை, மீறுபவர்க்குப் படிப்படியான தண்டனை, இந்த இரண்டுமே ஒரு கண்மாய்க்குப் பல பக்கம் எழுத இடம் தரும்.

11. எழுதும் வரிசை

முதல் அத்தியாயத்திலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். கண்மாயை விவரிக்கும் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், நோட்டின் ஈரம் காயும் முன். அடுத்து ‘யார் ஆள்கிறார்கள்’ அத்தியாயம். பிறகு கண்டறிந்தவை. முந்தைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்தை அதன் பின் எழுதினால் எதைப் படிக்க வேண்டும், எதை விடலாம் என்று தெரிந்திருக்கும். முன்னுரை கடைசி.

ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதினாலும் மடை, கலுங்கு, உள்வாய், வரத்துக்கால் போன்ற சொற்களை அப்படியே வைத்து ஒருமுறை விளக்கிவிடுங்கள். கலுங்கையும் மடையையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் எழுதிக் குழப்பிய ஆய்வேடுகள் உண்டு. ஒன்று உபரிநீர் வழியும் இடம், மற்றது பாசனத்துக்குத் திறப்பது.

12. பரிந்துரைகள்

‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’, ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற இரண்டு வாக்கியங்களையும் அடித்துவிடுங்கள். அவை யாரையும் எதையும் செய்ய வைக்காது. ஒவ்வொரு பரிந்துரையிலும் எந்த அலுவலர், எந்தச் சட்டம் அல்லது விதியின்படி, எந்த மாதத்துக்குள், எந்தப் பணத்தில் என்ற நான்கும் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ‘மீன்பாசி ஏல அறிவிப்பில், குறிப்பிட்ட மடையின் தளமட்டம் வரை பாசனத்துக்குத் திறக்கக் குத்தகைதாரர் தடை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை ஏலம் விடும் அலுவலகம் அடுத்த ஏலத்துக்கு முன் சேர்க்க வேண்டும்.’ இதை எழுத உங்களுக்கு ஏல அறிவிப்பும், டியூபில் அளந்த மட்டமும், கடைமடைக்காரரின் பேச்சும் தேவைப்பட்டிருக்கும். தேர்வாளர் எங்கே குடைந்தாலும் பதில் இருக்கும்.

வாய்மொழித் தேர்வுக்கு முன்பே தமிழில் நாலு பக்கச் சுருக்கமும் வரத்துக்கால் வரைபடத்தின் பெரிய நகலும் எடுத்து ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். வரைபடத்தில் தப்பு இருந்தால் பெரியவர்கள் அங்கேயே விரல் வைத்துச் சொல்வார்கள். திருத்தி அச்சுக்குக் கொடுக்க உங்களுக்கு நேரம் இருக்கும். ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, அதைப் பின்னிணைப்பில் சேருங்கள்.